இ.ஓ.எம். வந்த பிறகு கேன்சர் கிளினிக்கில் எதை முதலில் மாற்றுவது?

கேட்டவர்: இன்ஃபியூஷன்_மேலாளர்

வணக்கம். அமெரிக்காவில் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடு) நோயாளிகளைப் பார்க்கும் நடுத்தர அளவு கேன்சர் கிளினிக்கை மனதில் வைத்துக் கேட்கிறேன். ஆறேழு ஆங்காலஜிஸ்டுகள், சொந்த இன்ஃபியூஷன் (மருந்தை நரம்பு வழியே ஏற்றும்) அறை, மருந்தை முன்பணம் போட்டு வாங்கி, ஏற்றிய பிறகு பில் போடும் முறை.

கேன்சர் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் கொடுக்கும் திட்டமான பழைய ஆங்காலஜி கேர் மாடல் 2016 ஜூலை முதல் 2022 ஜூன் வரை ஓடியது. அதில் ஒரு நோயாளி வீதம் கிளினிக்குக்கு மாதம் 160 டாலர் மியோஸ் கட்டணம் (கூடுதல் கவனிப்புச் சேவைகளுக்கானது) கிடைத்தது. 2023 ஜூலை 1-இல் வந்த என்ஹான்சிங் ஆங்காலஜி மாடலில் (இ.ஓ.எம்.) அது 70 டாலராகச் சுருங்கி, 2025 ஜனவரியில் 110 ஆனது. பழைய மாடலில் நஷ்டப் பொறுப்பை, அதாவது செலவு வரம்பைத் தாண்டினால் மெடிகேருக்குத் திருப்பிக் கட்டுவதை, ஏற்காமலே சேர முடிந்தது. இதில் முதல் நாளிலிருந்தே அது தலைமேல் இருக்கிறது.

என் சந்தேகங்கள் மூன்று. இந்த நஷ்டப் பொறுப்பு உண்மையில் எவ்வளவு பெரியது? ஆள், பணம் இரண்டும் குறைவாக இருக்கும்போது முதலில் எதில் கை வைப்பது? மருந்துச் செலவைக் குறைக்கிறேன் என்று இறங்கி நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையைக் குறைத்துவிடாமல் இருப்பது எப்படி? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

பதில்: எபிசோட்_கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

இ.ஓ.எம். எல்லாக் கேன்சருக்கும் இல்லை. மார்பகம், நுரையீரல், பெருங்குடல்–சிறுகுடல், புராஸ்டேட், லிம்ஃபோமா, மல்டிபிள் மைலோமா, நாள்பட்ட ரத்தப் புற்று ஆகிய ஏழுதான். ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுக்கும் குறைந்த ஆபத்து மார்பகப் புற்று இதில் சேராது. ஒவ்வொரு எபிசோடும், அதாவது ஒரு நோயாளியின் செலவைக் கணக்கிடும் காலக்கட்டம், 6 மாதம். அந்த 6 மாதத்தில் மருத்துவமனைச் சேர்க்கை, ஸ்கேன், மருந்து, ஈ.ஆர். (அவசர சிகிச்சைப் பிரிவு) என்று மெடிகேர் கொடுக்கும் அத்தனையும் உங்கள் பெயரில் ஏறும். நீங்கள் பில் போடும் 110 டாலர் மியோஸும் ஏறும். 6 மாதத்துக்கு 660 டாலர், அதையும் சேர்த்துத்தான் செலவு பார்க்கிறார்கள். மெடிகேர், மெடிகெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடு) இரண்டும் உள்ளவர்களுக்குத் தரும் கூடுதல் 30 டாலர் மட்டும் கணக்கில் ஏறாது.

ஒரு கற்பனை எண்ணை வைத்துப் பாருங்கள். சராசரி பெஞ்ச்மார்க் (ஒரு எபிசோடுக்கு ஆகும் என்று மெடிகேர் எதிர்பார்க்கும் செலவு) 40,000 டாலர் என்று வைப்போம். கிளினிக் தேர்ந்தெடுக்கும் இரண்டு ரிஸ்க் ஏற்பாடுகளில் முதலாவதில் மெடிகேருக்கான 4% தள்ளுபடி போய் இலக்கு 38,400. செலவு அதற்குக் கீழே வந்தால் மிச்சம் உங்களுக்கு, உச்சவரம்பு 4%, அதாவது 1,600. செலவு 38,400-க்கும் 40,000-க்கும் நடுவே நின்றால் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் இல்லை. 40,000-ஐத் தாண்டினால் திருப்பிக் கட்ட வேண்டும், உச்சவரம்பு 2%, அதாவது 800. இரண்டாவது ஏற்பாட்டில் தள்ளுபடி 3%, நஷ்டம் 6% வரை, லாபம் 12% வரை. வரம்புகள் ஒரு நோயாளிக்கு என்று இல்லை, மொத்த எபிசோடுகளுக்கும் சேர்த்து. திருப்பிக் கட்டும் கோடு முதலில் 98%-இல் இருந்தது. 2025-இல் அதை 100%-க்கு உயர்த்தியதால்தான் பல கிளினிக்குகள் மூச்சு விட்டன.

ஆக, முதல் ஏற்பாட்டில் நஷ்டம் ஆளை விழுங்கும் அளவு இல்லை. பணம் உண்மையில் ஒழுகுவது வேறு இரண்டு ஓட்டைகளில்.

ஒன்று, நோயின் நிலைத் தகவல். மார்பகம், நுரையீரல், குடல் மூன்றிலும் நோய் எப்போதாவது பரவியதா என்பதைப் பொறுத்தும், மார்பகப் புற்றில் ஹெர்2 (புற்று செல்லில் இருக்கும் ஒரு புரதம்) நிலையைப் பொறுத்தும் பெஞ்ச்மார்க் மாறும். பரவிய நோயாளிக்கு ஆகும் செலவு கூடுதல் என்பதால் பெஞ்ச்மார்க்கும் கூடுதல். நீங்கள் அந்தத் தகவலை அனுப்பாவிட்டால் அந்தக் கூடுதல் கிடைக்காது. நோயாளி விலை உயர்ந்த மருந்தில் இருப்பார், உங்கள் இலக்கோ சாதாரண நோயாளிக்கான இலக்காக நிற்கும். டாக்டர் குறிப்பில் "கல்லீரலில் புள்ளிகள்" என்று வாக்கியமாக எழுதியிருப்பார், நிலைக்கான கட்டத்தில் இரண்டு வருடம் முன்பு போட்ட இரண்டாம் நிலையே இருக்கும். இதுதான் வழக்கமாக நடப்பது. சரிசெய்ய ஒரே வழி, சிகிச்சை ஆர்டர் போடும் திரையிலேயே நிலை, பரவல், ஹெர்2 மூன்றையும் நிரப்பாமல் கையெழுத்துப் போட முடியாதபடி பூட்டுவது. சிகிச்சை வரிசை மாறும் (ஒரு மருந்து பலிக்காமல் அடுத்ததற்குப் போகும்) ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டம் திரும்பத் திறக்க வேண்டும்.

இரண்டு, யாருடைய நோயாளி என்பது. கேன்சர் மருந்து தொடங்கியபின் முதல் தகுதியான ஆலோசனை பில் எந்த கிளினிக்குடையதோ, அதற்குக் கேன்சர் தொடர்பான ஆலோசனைகளில் குறைந்தது 25% இருந்தால், எபிசோட் அதற்குப் போகும். இரண்டாம் கருத்துக்கு வந்து போகிறவருக்கு மாதாமாதம் மியோஸ் பில் போட்டால் பிறகு அதைத் திருப்பிக் கேட்பார்கள். நேவிகேட்டரும் (நோயாளிக்கு வழிகாட்டும் ஊழியர்) பில்லிங்கும் வாரம் ஒருமுறை 20 நிமிடம் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தால் இது நிற்கும்.

---

பதில்: டிரையாஜ்_நர்ஸ்

எதுல முதல்ல கை வைக்கணும்னு கேட்டீங்க. ஃபோன்ல. சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி, கன்சல்டன்ட் வைக்கிறதுக்கு முன்னாடி, நோயாளி ஃபோன் பண்ணா யார் எடுக்கிறாங்க, எத்தனை நிமிஷத்துல திருப்பிக் கூப்பிடறாங்கன்னு ரெண்டு வாரம் அளந்து பாருங்க.

கீமோ போட்ட 30 நாளுக்குள்ள ஈ.ஆர். போறதையும் அட்மிஷனையும் தர அளவீடா வச்சிருக்காங்க. அதுல எண்ணுற காரணங்கள் பத்து: ரத்தசோகை, நீர்வறட்சி, வயிற்றுப்போக்கு, வாந்தி, குமட்டல், காய்ச்சல், நியூட்ரோபீனியா (வெள்ளணு குறையறது), வலி, நிமோனியா, செப்சிஸ் (தொற்றால உடம்பு முழுக்க பாதிக்கிறது). இந்தப் பட்டியலை நல்லாப் பாருங்க. பாதிக்கு மேல, காலைல பத்து மணிக்கு ஃபோன் வந்தா மதியம் ரெண்டு மணிக்குள்ள இன்ஃபியூஷன் நாற்காலியிலேயே சமாளிக்கக்கூடியது. அதே ஃபோனைச் சாயந்திரம் அஞ்சு மணிக்குத் திருப்பிப் பண்ணா, ஈ.ஆர். போங்கன்னு சொல்றதைத் தவிர வேற வழி கிடையாது.

நடைமுறையில செய்ய வேண்டியது இது. வரவேற்பு மேசையில ஃபோன் எடுக்கிறவங்க "மெசேஜ் சொல்றேன்"னு சொல்லவே கூடாது. அவங்க கையில ஒரு பக்க அட்டை இருக்கணும். காய்ச்சல், மூச்சுத்திணறல், ரத்தம், தாங்க முடியாத வலி, குடிச்ச தண்ணி நிக்கலைன்னா அப்பவே நர்ஸுக்கு மாத்தணும். மத்ததுக்கு நர்ஸ் ஒரு மணி நேரத்துக்குள்ள திருப்பிக் கூப்பிடணும். தினமும் ரெண்டு நாற்காலியும் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் (மருந்து எழுதித் தரக்கூடிய நர்ஸ்) ஸ்லாட்டும் காலியா வைக்கணும். இது எங்க உடையும்னா, ஷெட்யூல் பண்றவங்க "காலியாத்தானே இருக்கு"ன்னு காலைலயே வேற ஆளைப் போட்டுடுவாங்க. மதியம் ரெண்டு மணி வரைக்கும் டிரையாஜ் (எது அவசரம்னு பார்த்துப் பிரிக்கிற) நர்ஸைக் கேட்காம அந்த ஸ்லாட்டைத் திறக்க முடியாதபடி வைங்க.

கேள்வி வரிசை எவ்வளவு முக்கியம்னு ஒரு உதாரணம். "வயிறு போயிட்டே இருக்கு"ன்னு ஒருத்தர் கூப்பிடறார். முதல் கேள்வி எத்தனை தடவைங்கறது இல்லை, என்ன மருந்துங்கறது. இரினோடெக்கான்ங்கிற கீமோன்னா, வயிற்றுப்போக்கை நிறுத்துற லோபெரமைடு 4 மி.கி. உடனே, அப்புறம் ரெண்டு மணிக்கு ஒருமுறை 2 மி.கி., ராத்திரி நாலு மணிக்கு ஒருமுறை 4 மி.கி., 12 மணி நேரம் போகாம இருக்கிற வரைக்கும். அதே ஆள் பெம்ப்ரோலிஸுமாப், நிவோலுமாப் மாதிரி இம்யூனோதெரபியில (நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுற மருந்து) இருந்தா கதையே வேற. அது குடல் அழற்சியா இருக்கலாம். லோபெரமைடு கொடுத்து ரெண்டு நாள் பார்ப்போம்னா அறிகுறி மூடிக்கும், நோய் வளரும். வழக்கத்தைவிட நாளைக்கு 4 முதல் 6 தடவை கூடுதல்னா அது ரெண்டாம் கிரேடு (தீவிர அளவு). அடுத்த டோஸை நிறுத்தி, மலத்துல கிருமிப் பரிசோதனை அனுப்பி, டாக்டர்கிட்ட ஸ்டீராய்டு பத்திப் பேசணும். வழக்கமா கிலோவுக்கு 1 மி.கி. பிரெட்னிசோன் அளவுல ஆரம்பிப்பாங்க. 7-ம் அதுக்கு மேலயும்னா மருத்துவமனை. இன்னொண்ணு, இம்யூனோதெரபி நிறுத்திப் பல மாசம் கழிச்சும் இது வரும். அதனால "இப்ப என்ன மருந்து"ன்னு கேட்டா போதாது, "போன ஒரு வருஷத்துல இம்யூனோதெரபி போட்டீங்களா"ன்னு கேக்கணும். பொதுவான டிரையாஜ் புத்தகத்தை அப்படியே வச்சிருக்கிற கிளினிக்ல இந்த ஒரு கேள்வி இருக்காது.

காய்ச்சல்ல மட்டும் காசைப் பத்தி நினைக்கவே கூடாது. 100.4 ஃபாரன்ஹீட்னா உடனே கூப்பிடணும், முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள்ள போகணும். காய்ச்சல் எவ்வளவு ஆபத்துன்னு கணக்கிடற எம்.ஏ.எஸ்.சி.சி. ஸ்கோர் (அதிகம்னா ஆபத்து குறைவு) 21-ம் அதுக்கு மேலயும் இருந்து, மத்த நிலைமையும் சரியா இருந்தா, குறைஞ்சது 4 மணி நேரம் கண்காணிச்சு மாத்திரையோட வீட்டுக்கு அனுப்பலாம். அந்த வசதி உங்ககிட்ட இல்லைன்னா ஈ.ஆர்.தான் சரியான இடம். எல்லா ஈ.ஆர். விஜயமும் தோல்வி இல்லை.

ராத்திரி ஆன்-கால் டாக்டருக்கு நோயாளியோட ரெக்கார்ட் அந்த நேரத்துலயே திறக்கணும். இ.ஓ.எம்.ல அது கட்டாயம். ரெக்கார்ட் தெரியாத டாக்டர் ஒரே பதில்தான் சொல்ல முடியும்.

---

பதில்: ஆங்கோ_ஃபார்மசிஸ்ட்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எபிசோட் செலவில் பெரும்பங்கு மருந்துதான். ஆனால் அதில் பெரிய துண்டு, மாற்றே இல்லாத மருந்துகள். பலன் தரும் மருந்தை நிறுத்தி மிச்சம் பிடிக்க யாரும் நினைக்க வேண்டாம். புதிதாக எஃப்.டி.ஏ. (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி பெற்ற மருந்துகளுக்குத் தனிச் சரிக்கட்டல் மாடலிலேயே இருக்கிறது. கை வைக்க வேண்டியது, பலன் ஒன்றாக இருந்து விலை மட்டும் மாறும் இடங்களில்.

முதல் இடம் எலும்பு மருந்து. எலும்பில் பரவிய மார்பகம், புராஸ்டேட், மைலோமா நோயாளிகளுக்கு ஸோலெட்ரானிக் அமிலம் 4 வாரத்துக்கு ஒருமுறை போடுவதும் 12 வாரத்துக்கு ஒருமுறை போடுவதும் எலும்புச் சிக்கல்களைத் தடுப்பதில் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை என்று 1,822 பேரை வைத்து நடந்த சோதனை 2017-இல் வெளியானது. ஜெனரிக் மருந்து, வருடத்துக்கு நாலைந்து டோஸ். விலை கூடிய மாற்று எலும்பு மருந்தான டெனோசுமாப் 120 மி.கி. மாதாமாதம் போடுவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மிகப் பெரியது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் மாற்றக் கூடாது. கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் அளவு) 30-க்குக் கீழே என்றால் ஸோலெட்ரானிக் வேண்டாம், டெனோசுமாப்தான். 50–60 என்றால் 3.5 மி.கி., 40–49 என்றால் 3.3, 30–39 என்றால் 3. ஏற்றும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். எதைப் போட்டாலும் தொடங்கும் முன் பல் பரிசோதனை. 12 வார இடைவெளியில் நடக்கும் ஒரு தவறு: நோயாளி வேறு காரணத்துக்காக வரும் தேதியோடு பொருந்தாமல் போய் டோஸே விட்டுப்போகும். ஸ்கேன் தேதியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது, டோஸை வயலுக்கு (மருந்துக் குப்பிக்கு) ஏற்பச் சரிசெய்வது. பெவாசிசுமாப் கிலோவுக்கு 15 மி.கி., நோயாளி 70 கிலோ என்றால் 1,050 மி.கி. வயல்கள் 100, 400 என இரண்டு அளவில்தான் வருகின்றன. எனவே 1,100 மி.கி. திறந்து 50 மி.கி. கொட்ட வேண்டும், கொட்டியதை ஜே.டபிள்யூ. குறியோடு பில் போட வேண்டும். 1,000-க்கு இறக்கினால் வித்தியாசம் 5%-க்கும் குறைவு. 10% வரை சரிசெய்வது ஏற்கப்பட்ட நடைமுறை. கழிவு இல்லை, ஜே.இஸட். குறி போதும். அந்தக் குறி 2023 ஜூலையிலிருந்து கட்டாயம். இதை டாக்டர் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு முறையும் கேட்டுச் செய்தால் நடக்காது. எந்த மருந்துகள், எத்தனை சதவீதம் வரை என்று கிளினிக்கின் மருந்துக் குழு ஒருமுறை எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால் ஃபார்மசி தானாகவே செய்யும். வயல் அளவு ஒன்றே இருக்கும் மருந்தில் இதனால் எல்லா நேரமும் பயன் வரும் என்று இல்லை. பெம்ப்ரோலிஸுமாபைக் கிலோவுக்கு 2 மி.கி. என்று கணக்கிட்டால் 65 கிலோவுக்கு 130 மி.கி. வயல் 100 மி.கி.தான், எப்படியும் இரண்டு திறக்க வேண்டும்.

மூன்றாவது பயோசிமிலர், அதாவது உயிரியல் மருந்துகளின் விலை குறைந்த ஒத்த வடிவம். டிராஸ்டுசுமாப், பெவாசிசுமாப், ரிடுக்ஸிமாப், பெக்ஃபில்கிராஸ்டிம் நான்குக்கும் பல பிராண்டுகள் உண்டு. இங்கே நோயாளிக்கு ஆபத்து இல்லை, கிளினிக்குக்குத்தான் பொறி இருக்கிறது. மெடிகேர் கொடுப்பது சராசரி விற்பனை விலையைப் பார்த்து, அந்த விலையோ இரண்டு காலாண்டு பின்தங்கியே வரும். தயாரிப்பாளர்கள் போட்டி போட்டுத் தள்ளுபடி கொடுக்கக் கொடுக்க, சராசரி விலை சரிந்து, நீங்கள் ஏற்கெனவே வாங்கிய விலைக்குக் கீழே பில் தொகை போய்விடும். ஒவ்வொரு காலாண்டு விலைப் பட்டியல் வந்ததும் உங்கள் கொள்முதல் விலையோடு ஒப்பிடுங்கள். இருப்பு இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு பிராண்டுகளை அனுமதிப் பட்டியலில் வையுங்கள், ஏனென்றால் தனியார் காப்பீடு ஒன்றையும் மெடிகேர் கணக்கு இன்னொன்றையும் விரும்பும். நான்கைந்து வைத்தால் தவறான பிராண்டை ஏற்றி, பில் நிராகரிக்கப்பட்டு, முழு விலையும் கிளினிக் தலையில் விழும்.

வெள்ளணு ஊக்கி ஊசியைப் பழக்கத்தால் எல்லா ரெஜிமனுக்கும் (கீமோ மருந்துத் திட்டத்துக்கும்) போடுவதையும் பாருங்கள். காய்ச்சலோடு கூடிய நியூட்ரோபீனியா ஆபத்து 20%-க்கு மேல் என்றால் போட வேண்டும். 10–20% என்றால் வயது, பழைய கீமோ, சிறுநீரகம் பார்த்து. 10%-க்குக் கீழே வழக்கமாகத் தேவையில்லை. மாத்திரை மருந்துகளில் முதல் மாதத்தை 14 நாளாகப் பிரித்துக் கொடுத்தால், பக்கவிளைவால் நிறுத்துபவர்களின் பாதிப் பெட்டி வீணாகாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மருந்தின் சராசரி விலைக்கு மேல் மெடிகேர் தரும் 6% என்பது பழைய வருமானம், அதுவும் அரசு வெட்டுக்குப் பிறகு 4.3% அளவில்தான் கையில் வரும். விலை குறைந்த மருந்துக்கு மாறினால் அந்த வருமானம் குறையும். டாக்டர்களின் சம்பளக் கணக்கு இன்னும் மருந்து லாபத்தோடு கட்டப்பட்டிருந்தால் மேலே சொன்னது எதுவும் நிலைக்காது. அதை முதலில் பேசித் தீருங்கள்.

---

கேட்டவர்: இன்ஃபியூஷன்_மேலாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. நர்ஸ் அக்கா, ஒரு துணைக்கேள்வி. நோயாளிகளே வீட்டிலிருந்து அறிகுறிகளைப் பதிவு செய்யும் முறையையும் படிப்படியாகக் கொண்டுவரச் சொல்கிறார்கள். எச்சரிக்கைகள் குவிந்து நர்ஸுகள் திணறுவார்கள் என்ற பயம் இருக்கிறது.

---

பதில்: டிரையாஜ்_நர்ஸ்

பயம் நியாயமானதுதான், ஆனா இதை விட்டுடாதீங்க. மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல 766 பேரை வச்சுப் பண்ண சோதனையில, இப்படிப் பதிவு பண்ணவங்களோட இடைநிலை ஆயுள் 31.2 மாசம், வழக்கமான கவனிப்புல 26. ஈ.ஆர். போனவங்க 34%, மத்தவங்க 41%. கேன்சர் மருந்துக்கு நாம கொண்டாடுற அளவு வித்தியாசம் இது.

அங்க எச்சரிக்கை எப்ப அடிச்சதுன்னா, ஒரு அறிகுறி ரெண்டு புள்ளி மோசமானா, இல்ல மூணாம் கிரேடைத் தொட்டா. அதே விதியை வைங்க. "லேசான களைப்பு"க்கெல்லாம் மணி அடிக்கிற மாதிரி வச்சா ஒரே மாசத்துல யாரும் திரையைப் பார்க்க மாட்டாங்க. கேள்வி பத்துப் பன்னிரண்டுக்கு மேல வேண்டாம், வாரம் ஒரு தடவை போதும். இணையம் பழகாதவங்களுக்குத் தானியங்கி ஃபோன் வழி கட்டாயம் வேணும், இல்லைன்னா ரொம்ப உடம்பு முடியாத, வயசான ஆளுங்கதான் விட்டுப்போவாங்க. எச்சரிக்கைக்குன்னு அன்னைக்குப் பேர் போட்ட ஒரு நர்ஸ் இருக்கணும், எல்லாருக்கும் பொதுவான இன்பாக்ஸ்ல விழுந்தா யாருமே எடுக்க மாட்டாங்க. வார இறுதியில யாரும் பார்க்க மாட்டாங்கன்னா, அதை நோயாளி பதிவு பண்ற அதே திரையில, ஆன்-கால் நம்பரோட எழுதுங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி காய்ச்சலைப் பதிவு பண்ணிட்டு திங்கள் வரைக்கும் பதிலுக்குக் காத்திருக்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

---

பதில்: தணிப்பு_சிகிச்சை

யாரும் தொடாத பகுதி ஒன்று இருக்கிறது. இறப்புக்கு முந்தைய 14 நாளில் கீமோ, 3 நாளுக்கும் குறைவான ஹாஸ்பிஸ் (வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்பு) ஆகிய இரண்டும் தர அளவீடுகள். இவற்றில் மோசமாக இருந்தால் மிச்சம் பிடித்த தொகையைத் தர மதிப்பெண்ணை வைத்துப் பெருக்கும்போது அதுவும் குறைந்துபோகும். ஆனால் இதைப் பணத்துக்காகச் செய்தால் நோயாளிக்கு உடனே புரிந்துவிடும்.

பரவிய நுரையீரல் புற்று உள்ள 151 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், நோய் கண்டறிந்ததுமே தணிப்புச் சிகிச்சைக் (வலி, அறிகுறிகளைத் தணிக்கும் சிகிச்சை) குழுவையும் சேர்த்துக்கொண்டவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். இத்தனைக்கும் முன்னவர்களுக்குக் கடைசிக் காலக் கடும் சிகிச்சை குறைவாகவே கொடுக்கப்பட்டது. "குறைவான சிகிச்சை கொடுத்துவிடுவோமோ" என்ற உங்கள் பயத்துக்கு இந்த இரண்டு எண்களும் பதில்.

டாக்டருக்குத் தோன்றும்போது பரிந்துரைப்பது என்று விட்டால் கடைசி வாரத்தில்தான் தோன்றும். எனவே தூண்டுகோலை முன்பே நிர்ணயித்து, கணினியே கேட்கும்படி செய்யுங்கள். பரவிய நுரையீரல், கணையப் புற்று என்றால் முதல் வருகையிலேயே. மற்றவற்றில் இரண்டாம் வரிசைச் சிகிச்சை தொடங்கும்போதோ, பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் கழிக்கும் நிலை வரும்போதோ, திட்டமிடாத அட்மிஷன் ஒன்று முடிந்த பிறகோ. உள்ளேயே தணிப்புச் சிகிச்சை டாக்டர் இல்லாவிட்டால், பயிற்சி பெற்ற நர்ஸ் பிராக்டிஷனருக்கு வாரம் அரை நாள் ஒதுக்குங்கள். முன்கூட்டிய சிகிச்சைத் திட்டப் பேச்சுக்கு 99497 என்ற தனிக் குறியீடு இருக்கிறது. 30 நிமிடத்துக்கானது, 16 நிமிடம் பேசினாலே போடலாம். நேரத்தைக் குறிப்பில் எழுதாமல் விடுவதுதான் இங்கே வழக்கமான தவறு.

பேசியதை எங்கே எழுதுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அன்றைய குறிப்பின் ஏழாவது பத்தியில் புதைந்திருந்தால் இரவு இரண்டு மணிக்கு ஆன்-காலில் இருப்பவர் கண்ணில் படாது. ரெக்கார்டைத் திறந்ததும் முதல் திரையில், ஒவ்வாமைக்குப் பக்கத்தில், ஒரே வரியாக நிற்க வேண்டும்: நோயாளி எதை விரும்புகிறார், எதை விரும்பவில்லை, அவருக்காகப் பேசும் ஆள் யார், அவருடைய ஃபோன் எண்.